இறந்த விதம்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இஸ்திரி உருளையில் ஒரு பச்சைத் துணி சிக்கிக்கொண்டது. அறுவை அரங்கிலிருந்து வரும் துணிகள் பச்சை, வார்டுத் துணிகள் வெள்ளை. இரண்டையும் ஒன்றாகத் துவைக்கக் கூடாது, ஒரே தள்ளுவண்டியில்கூட ஏற்றக் கூடாது என்பது அந்தச் சலவைக்கூடத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்த மேற்பார்வையாளரை எல்லோரும் பிரபு என்று கூப்பிட்டார்கள். கேலிக்காக வைத்த பெயர் என்றுதான் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். கேலியும் உண்டுதான். ஆனால் அவர் உண்மையாகவே பிரபு.

அவருடைய பன்னிரண்டாவது பாட்டனுக்கு ஏதோ ஓர் அரசன் ஏதோ ஒரு சண்டைக்குப் பிறகு ஒரு கோட்டையும் முத்திரை மோதிரமும் பிரபு என்ற பட்டமும் கொடுத்தான். அரசன் போனான், அவன் வம்சமும் போனது, கோட்டையை இடித்துவிட்டு அந்த இடத்தில் பஸ் டிப்போ கட்டினார்கள். பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் ஞாபகம் வராததால் அது மூத்த மகன் வழியாக இறங்கி இறங்கிக் கடைசியில் சலவைக்கூடத்தில் வந்து நின்றது. அருங்காட்சியகத்தில் விழா என்றால் அழைப்பிதழ் வரும். முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுவார்கள். பேசுகிறவர் அவருடைய பட்டத்தைத் தப்பாகச் சொல்வார், அவரும் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்காருவார். மற்ற நாட்களில், நீராவிச் சூட்டில் விரல் வீங்கி மோதிரம் இறுகிவிடுமென்று கூடத்துக்குள் நுழையும்போதே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

சிவப்புப் பொத்தானை அழுத்தி உருளையை நிறுத்திவிட்டு, சிக்கிய துணியின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் வேன்காரர் வந்தார். ஆஸ்பத்திரிக்கும் கூடத்துக்கும் துணி சுமக்கிற வேன் அவருடையது. துணியோடு சேர்த்து ஊர்க்கதையும் சுமந்துகொண்டு வருவார்.

"நம்ம டிப்போவுல ஒரு நெட்டை டிரைவர் இருக்காரே, அவரு பொண்ணு ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்துடுச்சாம். தொடை எலும்பு போச்சு. மூணாவது மாடில படுக்க வெச்சிருக்காங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்."

"எந்த டிரைவர்?" என்று கேட்டார் பிரபு. தெரிந்துகொண்டே கேட்டார்.

"அதாங்க, பையன் ஒருத்தன் சின்ன வயசுலயே போயிட்டானே, அந்த டிரைவர். பாவம், அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியே ஆகாது போல."

வேன்காரர் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். பச்சைத் துணியின் முனை பிரபுவின் கையில் அப்படியே இருந்தது. அதன் நடுவில் உருளை நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு தீய்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தார்.

அந்த நெட்டை டிரைவர் அவருடைய தங்கை கணவர். இது வேன்காரருக்கும் தெரியாது, சலவைக்கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பட்டத்தோடு கூட அந்தக் குடும்பத்தில் ஒரு புத்தகமும் கைமாறி வந்தது. தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டங்கள்: பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறந்த விதம். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையையும் அந்தந்தக் காலத்துப் பிரபு தன் கையால் எழுத வேண்டும். எழுதினால்தான் குடும்பம், எழுதாவிட்டால் அந்தக் குழந்தை யாரோ. இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் தங்கை பஸ் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, அப்பா புத்தகத்தை எடுத்து அவள் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். பெயரை அடிப்பதிலும் கௌரவம் வேண்டும் அல்லவா, அதனால் அளவுகோல் வைத்து நேராக இழுத்தார். அவள் கணவர் அன்றாடம் பஸ்ஸை நிறுத்துகிற இடம் தங்கள் கோட்டையின் முற்றமாக இருந்தது என்பதுதான் அப்பாவுக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை.

சாவதற்கு நான்கு நாள் முன்பு அப்பா மகனைக் கூப்பிட்டு மோதிரத்தைக் கொடுத்தார், புத்தகத்தைக் கொடுத்தார், பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"நம்ம ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. மயக்க மருந்து குடுத்தா சில பேருக்கு உடம்பு கட்டை மாதிரி விறைச்சுக்கும். சூடு ஏறும், இறங்கவே இறங்காது. என் சித்தப்பா அப்படித்தான் போனாரு. பெரிய அத்தை பல்லு பிடுங்கப் போயி அப்படித்தான் போனா."

"சின்னத் தாத்தா குதிரைலேர்ந்து விழுந்து செத்தாருன்னு புக்குல இருக்கே."

"பிரபு வீட்டு ஆம்பளை குடலிறக்கத்துக்குப் படுத்துச் செத்தான்னு எழுதச் சொல்றியா?" அப்பாவுக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுதறது வேற, சொல்றது வேற. பட்டம் ஏத்துக்கிட்டவன்தான் எல்லாருக்கும் சொல்லணும். புக்க வெச்சுக்கிட்டு ஒருத்தர் விடாம சொல்லிடு."

பிரபு அப்பா சொன்ன சொல் தவறவில்லை. அப்பாவின் காரியங்கள் முடிந்ததும் தொலைபேசிக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அப்பாவின் அதே மர அளவுகோலை ஒவ்வொரு பெயருக்கும் கீழே வைத்து, நான்கு நாட்களில் இருபத்தேழு பேரிடம் பேசினார். எங்கெங்கோ இருந்த பெரியப்பா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், முகமே தெரியாத ஒரு பேத்தி, எல்லோரிடமும். சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் சொத்து விஷயமோ என்று ஆசையாகக் கேட்டார். தங்கையின் வரிசை வந்தபோது அளவுகோல் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. கோபத்தில் தாண்டவில்லை. அதுதான் அவரை இன்றுவரை அரிக்கிறது. யோசித்துத் தாண்டியிருந்தால் அப்பா இழுத்த கோடு, குடும்ப மானம் என்று ஏதாவது ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் யோசிக்கவே இல்லை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஆள் இல்லை என்று கண்ணுக்குப் பழகிவிட்டது, கை அதன்படி செய்தது. ஐந்து வயதுவரை அவர் முதுகில் தூங்கிய தங்கை அவள்.

பதினோரு மாதம் கழித்து, டிப்போ டிரைவர் ஒருவரின் ஒன்பது வயதுப் பையன் தொண்டைச் சதை எடுக்கப் போய் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டார். வேறு ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கேட்ட நொடியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கையின் தெருமுனை வரை போனார். வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அத்தனை செருப்புகளுக்கு நடுவில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு உள்ளே போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றார், திரும்பி வந்துவிட்டார். பதினோரு வருஷமாகத் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் கூடத்தின் பின்பக்கம், காலி சோப்பு டிரம்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு மூன்றாவது மாடிக்கு போன் செய்தார். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார். தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிற டிரைவர் மகளுக்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது, பரம்பரைக் கோளாறு, தயவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"நீங்க யாருங்க?" என்றாள் நர்ஸ்.

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா? ரத்த உறவா? அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட எல்லாம் கேட்டாச்சுங்க. மயக்க மருந்தால குடும்பத்துல யாருக்கும் எதுவும் ஆனதில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"யாருக்கும்... ஆனதில்லன்னா எழுதியிருக்காங்க?"

"ஆமா. நீங்க சொல்றத டாக்டர் காதுல போட்டு வெக்கிறேன். ஆனா யாரு, எந்த ஆபரேஷன்ல, எப்படிப் போனாங்கன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் நேர்ல வந்து சொன்னாத்தான் உண்டு. பேரு இல்லாத போனை வெச்சு நாங்க என்ன பண்றது?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "சார், நீங்க லாண்டரி பிரபு சார்தானே?"

அவர் போனை வைத்துவிட்டார். டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பட்டம் கிடைத்த நாளிலிருந்து அதைச் சொல்லி யாராவது அடையாளம் கண்டுகொண்டால் உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி இருக்கும். பொய் சொல்வானேன், அருங்காட்சியக நாற்காலி அவருக்குப் பிடிக்கும். இன்றைக்குத் திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி காது இரண்டும் சுட்டன. யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்று ஏன் எழுதினாள் என்று யோசித்துப் பார்த்தார். பெற்ற பிள்ளையை மேஜையில் பறிகொடுத்தவள் அந்தக் கேள்விக்கு இல்லை என்று எப்படி எழுதுவாள். ஒன்றும் பிடிபடவில்லை.

சாயந்திரம் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு தைத்துக் கொடுப்பவள். தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளின் பர்ஸிலும், மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை இருக்கிறது. அட்டைகளை வெட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன்னு அன்னிக்குச் சொன்னீங்களே."

"புக்குல இருக்கிற எல்லாருக்கும்."

இயந்திரம் நின்றது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல், ஊசியின் கீழிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் போனப்ப நீங்க நாலு நாள் சாப்பிடல. தங்கச்சி மேல இருக்கிற பாசம்னு நான் நினைச்சேன்," என்றாள்.

அவர் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நாளைக்குப் போயிடுங்க. அப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

"போனா, எனக்கு முன்னாடியே தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்," என்றாள் மனைவி. மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அந்த விளிம்பு முழுவதும் கோணலாகப் போயிற்று. கடைசியில் அவளே அதைப் பிரித்தாள்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு. வம்சப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று, துவைத்து மடித்த ஒரு வெள்ளைத் தலையணை உறைக்குள் அதைப் போட்டு எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கட்டடத்துக்குத் துணி அனுப்புகிறார், மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் தன் கூடத்தில் வெளுத்த துணிகளாகவே கண்ணில் பட்டன. ஒரு திரைச்சீலையின் ஓரம் கிழிந்திருந்தது. அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று மனசு தன் பாட்டுக்கு நினைத்தது. அந்த மனசை அறைய வேண்டும் போல இருந்தது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் பெண் படுத்திருந்தாள். பதினேழு வயது இருக்கும். காலில் எடை கட்டிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் அதில் உட்காராமல், மகளுக்கும் அலமாரிக்கும் நடுவில் காவல்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தாள் தங்கை. முன்தலை நரைத்திருந்தது. அலமாரி மேல் ஒரு பழம் இல்லை, ஒரு ரொட்டி இல்லை, துடைத்து வைத்தாற்போல இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி ஒரு சாத்துக்குடியை நீட்ட, தங்கை எட்டி அதைத் தடுத்துவிட்டாள்.

"வேணாங்க. நாளைக்கு ஆபரேஷன்."

"ராத்திரி வரைக்கும் சாப்பிடலாம்னு நர்சே சொல்லிட்டாங்கம்மா," என்றாள் பெண். "காலையிலேர்ந்து வெறும் தண்ணி. ஆபரேஷனுக்கு முன்னாடி பசிலயே போயிடுவேன் போல."

"வாய மூடு," என்றாள் தங்கை. அதட்டல் இல்லை அது, கெஞ்சல். திரும்பியவள் அண்ணனைப் பார்த்தாள்.

சின்ன வயதில் அவரை வா போ என்றுதான் பேசுவாள். அப்பா எத்தனை அதட்டினாலும் அண்ணனுக்கு மரியாதை வராது. இப்போது, "வாங்க," என்றாள். வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தவரை அழைக்கிற குரலில் சொன்னாள். பிரபு தலையணை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்க நினைத்தார், அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டார். அதற்குள் மயக்க மருந்து டாக்டர் வந்துவிட்டாள். சின்ன வயதுக்காரி, கையில் ஒரு கோப்பு, கண்ணில் தூக்கக் கலக்கம்.

"நேத்து யாரோ போன் பண்ணாங்களாம். குடும்பத்துல யாருக்கோ மயக்க மருந்து ஒத்துக்கலன்னு. யாருங்க அது?"

"நாங்க யாரும் பண்ணலையே," என்றாள் தங்கை.

"நான்தான்," என்றார் பிரபு.

"நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் வாழ்நாள் முழுக்க பதில் வைத்திருந்தார். எங்கே போனாலும், பன்னிரண்டு தலைமுறை, இன்னாரின் மகன், இன்ன பட்டம் என்று தண்ணீர் மாதிரி வரும். இப்போது வந்தது ஒரே ஒரு சொல். "தாய்மாமன்," என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்து கட்டிலின் மேல் விழுந்த மாதிரி இருந்தது. பெண் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். தங்கை பார்க்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டாள். "சொல்லுங்க. யாருக்கு, எப்போ?"

அவர் புத்தகத்தை வெளியே எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்துத் திறந்தார். சின்னத் தாத்தாவின் பெயரைக் காட்டினார். டாக்டர் குனிந்து நான்காவது கட்டத்தைப் படித்தாள்.

"குதிரையிலிருந்து விழுந்துன்னு போட்டிருக்கு."

"அது இல்லீங்க. குடலிறக்க ஆபரேஷன். உடம்பு விறைச்சு, சூடேறி." பக்கத்தைப் புரட்டினார். "இவங்க அத்தைப் பாட்டி. பிரசவத்துலன்னு இருக்கும். பல்லு பிடுங்கறப்ப. இவரு, போர்ல காயம்பட்டுன்னு... இவருக்குக் கட்டி அறுத்தாங்க." சொல்லிக்கொண்டே போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அழகான எழுத்துகள். ஒவ்வொரு பிரபுவும் ஒவ்வொரு விதமாகச் சுழித்துச் சுழித்து எழுதிய பொய்கள்.

டாக்டரின் தூக்கக் கலக்கம் போய்விட்டது. "இது தெரிஞ்ச கோளாறுதான். நல்லவேளை வந்தீங்க. நாளைக்கு அந்த மருந்துப் பக்கமே போக வேணாம், முதுகுல ஊசி போட்டே பண்ணிடலாம்." தங்கையிடம் திரும்பினாள். "ஏம்மா, யாருக்கும் எதுவும் ஆனதில்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க பக்கத்துல வேற யாருக்காவது ஆபரேஷன் ஆகியிருக்கா?"

தங்கை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டாள். "என் பையனுக்கு ஆச்சு. அவன்... ஆனா அது மருந்தால இல்லங்க. அது என்னால."

"உங்களாலயா?"

"ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. காலையில பசிக்குதுன்னு அழுதான். பாதி பிஸ்கட் குடுத்தேன். அப்புறம் டாக்டர் வெளியில வந்து, ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கப்புறம் அவங்க எதுவும் கேக்கல, நானும் எதுவும் கேக்கல. இவ அப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல." அவள் முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். "துணி சுத்திக் கையில குடுத்தப்பக்கூட சூடா இருந்தான். உசுரு இருக்கோன்னு நினைச்சேன்."

வார்டில் வேறு எங்கோ யாரோ இருமினார்கள். டாக்டர் பேனாவை மூடினாள். "பாதி பிஸ்கட்டால உடம்பு அப்படிச் சுடாதும்மா," என்றாள் மெதுவாக. "இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது, இவர் சொல்ற அதேதான்னு எனக்குத் தோணுது."

தங்கை கொஞ்ச நேரம் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பார்வை புத்தகத்துக்கு வந்தது, அங்கிருந்து அண்ணனுக்கு வந்தது. இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். பெண்ணின் உயிருக்கு வழி பிறந்துவிட்டது, வந்த காரியம் முடிந்தது, இப்போதுதான் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அண்ணனும் திரும்பக் கிடைப்பான். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றாள் அவள். 'வாங்க' போய்விட்டது.

"அப்பா போறப்ப சொன்னாரு."

அவள் உதடு அசைந்தது. அப்பா இறந்த மாதத்திலிருந்து எண்ணுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்பா இறந்த அன்று வெளிக் கதவுக்கு அந்தப்பக்கம், தெருவில் நின்றபடியே அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனவள். புடவையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.

"பதினோரு மாசம்," என்றாள்.

"எல்லாருக்கும் சொன்னேன். புக்கப் பாத்துப் பாத்துச் சொன்னேன். உன் பேரு மேல கோடு இருந்துச்சு. நான்..." அவர் நிறுத்தினார். பதினோரு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்புகள் எல்லாம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க லாயக்கில்லாதவையாக இருந்தன.

அவள் அழவில்லை. கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "மீதிப் பாதியை என் கையிலயே குடுத்துட்டுப் போனான், வந்து சாப்பிடறேன்னு," என்றாள். "பதினோரு வருஷமா நான் இந்தக் கைய..." முடிக்காமல் கையை மூடிக்கொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கோப்பைத் திறந்தாள். அவளுக்கு இன்னும் நான்கு கட்டில்கள் பாக்கி. "இதையும் சேத்து எழுதணும். பையன் பேரு?" புத்தகத்தை வைத்திருப்பவர் அவர் என்பதால் அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பிரபுவின் கை பழக்கத்தில் பக்கத்தைத் தேடிப் போனது. தங்கையின் வரிசை வந்தது. சிவப்புக் கோடு, அதன் கீழே வெற்றுத் தாள். பன்னிரண்டு தலைமுறைப் பெயர்களையும் தடுக்காமல் சொல்லத் தெரிந்தவருக்கு அந்தப் பையனின் பெயர் தெரியாது. டிரைவர் பையன் என்றுதான் கேள்விப்பட்டார், டிரைவர் பையன் என்றுதான் பதினோரு வருஷமாகத் தனக்குள் வைத்து வருந்திக்கொண்டிருந்தார். வருந்துவதற்குப் பெயர் தேவைப்படவில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. தலை குனிந்தே இருந்தது.

பெண்தான் சொன்னாள். தன் அண்ணனின் பெயரையும், பிறந்த தேதியையும், போன தேதியையும், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டு, கோப்பின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஏதோ கிறுக்கிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"இதுல எழுதலாமா?" என்று கேட்டாள் பெண். கேட்டது யாரை என்று தெரியவில்லை. பதிலுக்கும் அவள் காத்திருக்கவில்லை. தலையணையை நிமிர்த்திக்கொண்டு, காலில் கட்டிய எடை ஆடாமல் பார்த்துக்கொண்டு, புத்தகத்தை வயிற்றின் மேல் இழுத்து வைத்தாள். அலமாரியிலிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே முதல் கட்டத்தில் அண்ணனின் பெயரை எழுதினாள். பள்ளிக்கூட எழுத்து, வட்ட வட்டமாக. இரண்டாவது கட்டம். மூன்றாவது கட்டம். அந்தப் புத்தகத்தில் பிரபு அல்லாத ஒருவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று வழக்கமாக வரும் எண்ணம் அன்றைக்கு வரவில்லை.

நான்காவது கட்டத்தில் பேனா நின்றது. "இதுல என்னம்மா போடணும்?"

தங்கை எழுந்து வந்து பார்த்தாள். விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். அதற்கு மேலே இருந்த கட்டங்களில் குதிரைகளும் போர்களும் வரிசையாக நின்றன.

"அத நீ எழுதாத," என்றாள். மகளின் கையிலிருந்து பேனாவை வாங்கி நீட்டினாள். முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. "உன் மாமா எழுதட்டும்."

பேனா சூடாக இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். பக்கங்களுக்கு நடுவில் அடையாளத்துக்கு வைத்திருந்த மர அளவுகோலை எடுத்துப் பையனின் பெயருக்கு நேர் கீழே வைத்தார். அது கீழே நழுவிவிடாமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.